நாற்காலியின் ஓட்டு

வேலாயுதர் தெருவுக்குள் விடியற்காலையில் வண்டியோடு வருகிறவர் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார். அங்கே தடுப்புக் கம்பியோ எச்சரிக்கைப் பலகையோ கிடையாது. தெருவின் நடுவில், இடுப்பு உயரத்தில், ஒரு பட்டுப் பாவு நீண்டு கிடக்கும். அதைப் பார்த்ததும் பால்காரரிலிருந்து பள்ளிக்கூட வேன் வரை எல்லாரும் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஆயிரக்கணக்கான இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன் அவற்றைத் தெருவில் நீட்டி, இரண்டு பக்கமும் மரக்கவைகளில் இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இடையிடையே மூங்கில் குச்சிகளைச் செருகி உலர்த்துவார்கள். இதை ஏன் விடியற்காலையில் செய்கிறார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். விஷயம் எளிமையானது. வெயில் ஏறினால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறுகி அறுந்துவிடும். வெயிலே இல்லாவிட்டால் காயாது. இதமான வெயிலும் அடங்கிய காற்றும் சேர்ந்து கிடைப்பது அந்த நேரத்தில்தான். வேலாயுதர் தெரு நேராக ஓடுகிறது, கிழக்கு மேற்காக ஓடுகிறது, நடுவில் மேடு பள்ளம் இல்லை. அதனால் சுற்றுப்பட்ட தெருக்காரர்களும் தங்கள் பாவை இங்கேதான் கொண்டுவருகிறார்கள்.

மாநகராட்சி மண்டல அலுவலகக் கூட்டத்தில் விவாதத்துக்கு வந்த பொருள் இந்தத் தெருவைப் பற்றியது. வேலாயுதர் தெருவைச் சுற்றுலா வேன்களுக்கான கட்டண நிறுத்தமாக்க வேண்டும், காலை ஐந்து மணியிலிருந்து. கோயிலுக்கு வருகிறவர்கள் அந்நேரத்துக்கே வந்துவிடுகிறார்கள், வேன்களை நிறுத்த இடமில்லை என்பது நிஜம். தீர்மானம் நிறைவேறினால் பாவுக்கு இடமில்லை என்பதும் நிஜம்.

நான் அந்த அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று குறிப்பு எழுதுவது என் வேலை. குறிப்பு எழுதுகிறவருக்கு முகம் கிடையாது என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டேன். ஒருவர் பேசும்போது நான் தலையசைத்தால், நாளைக்கு எதிர்த் தரப்பு என் குறிப்பை நம்பாது. அதனால் தலையைக் குனிந்துகொண்டே எழுதுவேன். ஆனால் காதுகளுக்கு எந்த விதியும் இல்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் துர்காதேவி என் மேசைக்கு வந்தார். வேலாயுதர் தெரு அவருடைய வார்டு. முதல் தடவை கவுன்சிலர். கூடவே அவருடைய கணவர் தினகரன், கையில் மொபெட் சாவியைச் சுழற்றிக்கொண்டு.

"அந்த விதியை இன்னொரு வாட்டி படிம்மா பிரவீனா. அவர் காதுல விழட்டும்" என்றார் துர்காதேவி.

பதவியேற்ற அன்று எல்லாக் கவுன்சிலர்களுக்கும் நடத்தை விதிகள் என்று ஒரு மெல்லிய புத்தகம் கொடுத்தோம். மின்சாரம் போகும்போது விசிறிக்கொள்ள நல்ல அளவு. துர்காதேவி ஒருவர்தான் அதைப் படித்தார் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஓரங்களில் பேனாக் கோடு போட்டிருந்த பிரதி அவருடையது மட்டும்தான். நான் படித்தேன். ஒரு பொருளில் தனக்கோ தன் குடும்பத்துக்கோ பணப் பயன் இருந்தால், அந்த உறுப்பினர் அதை எழுந்து சொல்லிவிட்டு, அந்தப் பொருள் முடிகிற வரை கூடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பேசக்கூடாது, ஓட்டுப் போடக்கூடாது, மற்றவர்களை எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடாது. அந்தப் பயன் வார்டில் எல்லாருக்கும் பொதுவானது என்றால் இது பொருந்தாது.

தினகரன் சாவியை மேசையில் தட்டினார். "பார்த்தியா, கடைசி வரி! தெருவே நெய்யுது. எல்லாருக்கும் பொதுதானே?"

"நெய்யறது பொதுதாங்க. பாவு போடற கூலி யாருக்கு வருது?" என்றார் துர்காதேவி.

"எனக்குத்தான் வருது."

"வேற யாருக்காச்சும் வருதா?"

"வேற எவனுக்குத் தெரியும் அந்த வேலை?"

"அப்ப அது பொது இல்லையே."

தினகரன் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"நல்லா இருக்குதும்மா உன் நியாயம். ஊருக்கெல்லாம் பேசுவியாம், புருஷன் பொழப்புன்னா வாயை மூடிக்குவியாம். நீ இல்லன்னா ஆறுக்கு ஆறு. கலியாணசுந்தரம் சார் கையில ரெண்டு ஓட்டு. தெருவைத் தூக்கி அவர் கையில குடுத்துட்டு வரப்போற."

அவர் சொன்ன கணக்கு சரி. மண்டலத்தில் பதின்மூன்று கவுன்சிலர்கள். வேன் நிறுத்தம் வேண்டாம் என்று ஏழு பேர், வேண்டும் என்று ஆறு பேர். மண்டலத் தலைவர் கலியாணசுந்தரம் வேண்டும் என்பவர்களில் ஒருவர். தலைவருக்கு மற்றவர்களைப் போல ஒரு ஓட்டு உண்டு. இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டால் முடிச்சை அவிழ்க்க இன்னொரு ஓட்டும் உண்டு. துர்காதேவி வெளியே போனால் சமம். சமமானால் தலைவர். தலைவர் எந்தப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும்.

"தெரியுதுங்க" என்றார் துர்காதேவி.

"தெரிஞ்சுமா? அப்புறம் ஓரிக்கை ரோட்டுல மெஷின் பாவுக்கு ஷெட்டு போட்டிருக்கானே, அவன் மெஷினாண்ட போய் கைகட்டி நிக்கணும் நானு."

துர்காதேவி என்னிடம் கையை நீட்டினார். புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கதவருகில் போனதும் திரும்பி, "நாளைக்கு எனக்குப் பக்கத்துல சோடா வைக்காதேம்மா. தொண்டை வறண்டாத்தான் நான் கம்மியாப் பேசுவேன்" என்றார். சிரிக்க முயன்றார். அவ்வளவாக வரவில்லை.

மறுநாள் கூட்டம். எங்கள் கூடத்தில் ஒலிபெருக்கி தலைவர் மேசையில் மட்டும்தான். மேலே சுற்றும் பழைய விசிறிகள் போடும் சத்தத்தில் பின்வரிசையில் எதுவும் காதில் விழாது. அந்தப் பொருளை நான் வாசித்து முடித்ததும் துர்காதேவி எழுந்தார். "இதுல என் வீட்டுக்காரருக்கு வருமானம் சம்பந்தப்பட்டிருக்குது. அதனால விதிப்படி வெளியே போறேன், தலைவரே" என்று தணிந்த குரலில் சொன்னார். முன்வரிசைக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது. அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

பின்வரிசையில் அவருடைய கட்சிக்காரர்கள் நாலு பேர். அவர்களுக்குக் குரல் கேட்கவில்லை, ஆள் எழுந்து போவது மட்டும் தெரிந்தது. நம் ஊரில் சட்டசபை முதல் சங்கக் கூட்டம் வரை, ஒருவர் பையை மாட்டிக்கொண்டு விருட்டென்று கிளம்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கூடவே எழுந்திருக்காதவன் கட்சிக்காரனே இல்லை. முதலில் சிட்டிபாபு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை உயர்த்தி, "ஒழிக! ஒழிக!" என்றார். எது ஒழிய வேண்டும் என்று முடிவு செய்வதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். பின்னாலேயே பொன்னியம்மாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. மற்ற இரண்டு பேரும் செல்போனைப் பார்த்தபடியே எழுந்து, பார்த்தபடியே வெளியேறினார்கள்.

கூடத்தில் மிஞ்சியவர்கள் எட்டுப் பேர். அதில் ஆறு பேர் வேன் நிறுத்தம் வேண்டும் என்பவர்கள்.

அந்த ஆறு பேருக்கு முன்னால் நின்று பேசுகிறவர் தினேஷ், கோயில் பக்கத்து வார்டின் கவுன்சிலர். வேகமாக யோசிப்பவர். "தலைவரே, கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை இருக்குது. வெளிநடப்பு பண்ணவங்களுக்காக வெயிட் பண்ணத் தேவையில்ல. ஓட்டெடுப்புக்கு விடுங்க" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சட்டப்படி சரி. அப்போதே விட்டிருந்தால் ஆறுக்கு இரண்டு. அந்த நிமிடத்தோடு தெரு முடிந்திருக்கும்.

கலியாணசுந்தரம் ஓய்வுபெற்ற கூட்டுறவுத் துறைக்காரர். எதையும் இரண்டு முறை படிப்பவர், மூக்குக் கண்ணாடியைத் துடைக்காமல் ஒரு முடிவும் எடுக்காதவர். கண்ணாடியைத் துடைத்தார்.

"எண்ணிக்கை இருக்கு தினேஷ். ஆனா குறிப்புல ஒண்ணு இடிக்குது. துர்காதேவி எதுக்குப் போனாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. மத்த நாலு பேரு சொல்லலை. வெளிநடப்பான்னு நமக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எழுதறது? பிரவீனா, போய்க் கேட்டுக்கிட்டு வாங்கம்மா. அஞ்சு நிமிஷம்."

நான் வெளியே ஓடினேன்.

தாழ்வாரத்தில், டெங்கு ஒழிப்புச் சுவரொட்டி ஒட்டிய சுவருக்குக் கீழே, ஒரு மர பெஞ்சு. துர்காதேவி அதில் உட்கார்ந்திருந்தார். இல்லை, பாதி எழுந்த நிலையில் இருந்தார். சுற்றி நாலு பேர்.

"இன்னா துர்கா, இப்படி ஒரு முடிவு எடுத்திருக்கறதா ஒரு போன் கூடப் பண்ணல?" என்று பொன்னியம்மாள் மூச்சு வாங்கினார். "முட்டிவலிக்காரி நானு. முன்னாடியே சொல்லியிருந்தா வாசலாண்ட சீட்டு புடிச்சிருப்பேன் இல்ல?"

"அக்கா, நான் வெளிநடப்பு பண்ணலக்கா! எனக்கு அதுல வருமானம் இருக்குதுன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"நீ எழுந்த, நாங்க எழுந்தோம்."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"வெளிநடப்புல எவன்மா ஏன்னு கேப்பான்?" என்றார் சிட்டிபாபு. அவர் இன்னும் வேட்டியை இறக்கவில்லை. "கேட்டுக்கினு நின்னா அது டிஸ்கஷன் ஆயிடும்."

"அய்யோ அண்ணா, உள்ள போங்க. ஓட்டெடுப்பு ஆரம்பிச்சுருவாங்க."

"போறோம். போய் இன்னா பண்ணணும், அத்த சொல்லு."

துர்காதேவி வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடினார். அந்தக் கணம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவருக்கு எதிரே நின்ற நாலு பேர் கையில் நாலு ஓட்டு. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை என்ன என்பது பெஞ்சுக்குக்கூடத் தெரியும். அவர்களையும் என்னையும் தவிர அங்கே வேறு யாரும் இல்லை, நான் முகமில்லாதவள்.

"அத்த நான் சொல்லக்கூடாதுண்ணா" என்றார்.

"வாயால சொல்லாத. கண்ணால காட்டு."

"கூடாது."

"இதுல கூடவா விதி?" என்றார் பொன்னியம்மாள்.

"யாரையும் எந்தப் பக்கமும் சாய்க்கக் கூடாதுன்னு இருக்குதுக்கா. கண்ணு மட்டும் அதுல சேராதா?"

சிட்டிபாபு வேட்டியை இறக்கினார். குரலும் இறங்கியது. "துர்கா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. வேன் ஸ்டாண்டு வந்தா எங்க ஏரியா பசங்களுக்கு டோக்கன் போடற வேலை தரேன்னு தினேஷ் சொல்லிக்கினு இருக்கான். என் வார்டுல படிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கற பசங்க எவ்ளோ பேருன்னு உனக்கும் தெரியும். நீ உள்ள இருந்தா உன் மூஞ்சியப் பார்த்துக்கினு உன் பக்கம் போட்டிருப்பேன். நீ இல்லன்னா நான் யோசிப்பேன். பரவாயில்லையா?"

துர்காதேவியின் கை பையின் வாரை இறுக்கியது. "யோசிங்கண்ணா. நீங்க யோசிக்கணும்னுதான் நான் வெளிய வந்தேன்" என்றார்.

சொல்லிவிட்டு அவர்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டெங்கு கொசுவின் படத்தைப் பார்த்தபடி. அவர்கள் உள்ளே போய்க் கதவு மூடுகிற வரை திரும்பவில்லை. நாலு பேரும் வெளிநடப்பு செய்யவில்லை, தவறாகப் புரிந்துகொண்டு எழுந்தார்கள் என்று நான் கலியாணசுந்தரத்திடம் சொன்னேன். அவர், "அப்படியே எழுதுங்க" என்றார்.

தொடர்புள்ளவர் ஓட்டுப் போடாமல் இருந்தால் போதாதா, எதற்காக அறையை விட்டே போகச் சொல்கிறார்கள் என்று அந்த விதியைப் படித்தபோதெல்லாம் எனக்குக் கேள்வி இருந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் பதில் கிடைத்தது. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய பிழைப்பைப் பற்றி யாராலும் மனம்விட்டுப் பேச முடியாது. நண்பர்கள் அவருக்காகக் கூடுதலாகப் பேசுவார்கள், எதிரிகள் அவரைச் சீண்டப் பேசுவார்கள். விஷயம் நடுவில் கிடக்கும். அவருடைய நாற்காலி காலியானதும் முதல் முறையாக எல்லாரும் தெருவைப் பற்றிப் பேசினார்கள்.

தினேஷ் வேன்கள் நிற்க இடமில்லாமல் வயதானவர்கள் வெயிலில் நெடுந்தூரம் நடப்பதைச் சொன்னார். அது உண்மை, அவர் அதை நன்றாகச் சொன்னார். பொன்னியம்மாள், "எனக்கும் முட்டிவலிதான்பா, நானே சொல்றேன், அவங்க நடக்கறது கஷ்டம்தான்" என்று ஒப்புக்கொண்டார். சிட்டிபாபு எழுந்தார். துர்காதேவி இருக்கும்போது அவர் கேள்வியே கேட்டதில்லை.

"தினேஷு, எங்க பசங்களுக்கு வேலைன்ற. எழுத்துல இருக்குதா?"

"குத்தகை எடுக்கறவர்கிட்ட சொல்லலாம்ணா."

"அப்ப இல்ல."

"சொல்லலாம்."

"சரி, சொல்லுவ. இன்னொண்ணு கேக்கறேன். வேன்ல வரவங்க சாமி கும்பிட்டுட்டு அப்புறம் எங்க போறாங்க?"

"பட்டு எடுக்கப் போறாங்க."

"அந்தப் பட்டு எந்தத் தெருவுல காயுது?"

சிரிப்பு எழுந்தது. தினேஷும் சிரித்துவிட்டார். "அண்ணே, நாலு தெரு தள்ளி பழைய சந்தைத் திடல் காலியா இருக்குதே, அதை ஏன் பார்க்கலன்னு கேளுங்க, அது நியாயமான கேள்வி" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். திடலைச் சரிசெய்ய நாளாகும், வேன்கள் இப்போதே நிற்க வேண்டும் என்று அதற்குப் பதிலும் சொன்னார். விவாதம் இப்படி இரு பக்கமும் நியாயமாகப் போய்க்கொண்டிருக்க, கலியாணசுந்தரம் கைகளைத் தூக்கச் சொன்னார்.

எண்ணினேன். வேண்டும் என்று ஆறு கைகள், தலைவருடையதும் சேர்த்து. வேண்டாம் என்று ஆறு கைகள். கடைசியாக எழுந்த கை சிட்டிபாபுவுடையது.

"சமம், சார்" என்றேன். என் குரலுக்கு முகம் வந்துவிட்டதுபோல் எனக்கே கேட்டது.

தினேஷ் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். கலியாணசுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டவில்லை.

"என்னோட ரெண்டாவது ஓட்டு தீர்மானத்துக்கு எதிரா" என்றார்.

தினேஷ் முன்னால் வந்தார். "தலைவரே, இப்பத்தானே ஆதரிச்சுக் கை தூக்குனீங்க!"

"தூக்கினேன். இப்பக் கேட்டாலும் வேன் ஸ்டாண்டு வரணும்னுதான் சொல்வேன். முதல் ஓட்டு கலியாணசுந்தரத்தோடது. ரெண்டாவது ஓட்டு இந்த நாற்காலியோடது." அவர் நாற்காலியின் கையைத் தட்டினார். "பாதிப் பேரு மாத்தணும்னு சொல்றாங்க, பாதிப் பேரு வேணாம்னு சொல்றாங்க. அப்படின்னா மாத்தறதுக்குப் பெரும்பான்மை கிடைக்கலைன்னுதான் அர்த்தம். கிடைக்காத பெரும்பான்மையை நாற்காலியில உக்காந்திருக்கறவன் உண்டாக்கக் கூடாது. இருக்கறது இருக்கட்டும்னு விடணும். அதுதான் சபைகள்ல பழைய மரபு."

"சட்டத்துல அப்படி இல்லையே?"

"இல்ல. உங்க பக்கம் போட்டாலும் செல்லும். யாரும் என்னைக் கேக்க முடியாது." அவர் மூடிய கதவைப் பார்த்தார். "அந்தம்மாவையும் இன்னைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. பொதுவான விஷயம்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா நான்கூட ஒத்துக்கிட்டிருப்பேன். திடலைச் சரிபண்ற தீர்மானத்தோட அடுத்த மாசம் வாங்க தினேஷ். அதுக்கு என் முதல் ஓட்டே போதும்."

தினேஷ் தலையைச் சொறிந்தார். "திடலுக்கு நான் எழுதித் தரேன். டோக்கன் போடற வேலையையும் எழுத்துல சேர்த்துடறேன், சிட்டிபாபு அண்ணன் விடமாட்டாரு" என்றார்.

அடுத்த பொருள் தாமல் சாலைப் பக்கத்துக் குடிநீர்க் குழாய். துர்காதேவியைக் கூப்பிட வேண்டும். கதவைத் திறந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் அந்த மெல்லிய புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அடுத்த பொருள் வந்திருச்சு மேடம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அதைக் காலியாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன். அவர் எதுவும் கேட்காமல் எழுந்து உள்ளே வந்து, குழாயைப் பற்றி இரண்டு நல்ல கேள்விகள் கேட்டு, ஓட்டுப் போட்டார். பின்னாலிருந்து பொன்னியம்மாள் மட்டும் பொறுக்கமாட்டாமல் முன்னால் குனிந்து, "நீ கொசுவைப் பார்த்துக்கினு நின்னது வீண்போகலடி" என்று காதில் சொன்னார். துர்காதேவி கூட்டத்தின் பொருள் பட்டியலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குச் சீக்கிரமாகப் போக வேண்டியிருந்தது. வேண்டுமென்றேதான் வேலாயுதர் தெரு வழியாகப் போனேன். மாம்பழ மஞ்சளில் ஒரு பாவு தெரு முழுக்க நீண்டிருந்தது. தினகரன் ஒரு முனையில் இழை பார்த்துக்கொண்டிருந்தார். துர்காதேவி மறுமுனையில் மூங்கில் குச்சியைச் செருகிக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. கலியாணசுந்தரம், கோயிலுக்குப் போகிற வழி. பாவைப் பார்த்தார். வண்டியைத் திருப்பத் தொடங்கினார்.

தினகரன் நிமிர்ந்தார். "தோ, தலைவர் வந்துகினு இருக்காரு! ஒரு டீயாவது வாங்கிக் குடுத்துட்டு வரேன்."

"வேணாங்க."

"ஒரு டீ தானேம்மா! டீக்கும் விதியா?"

"டீக்கு இல்லங்க. அவர் நமக்கு உதவி பண்ணாருன்னு ஆயிடும்ல. அவர் அப்படிப் பண்ணல." குச்சியை இழைகளுக்கிடையே தள்ளினார். "கையைக் கவனிங்க, இழை சாயுது."

கலியாணசுந்தரம் ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தார். துர்காதேவி வணக்கம் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளித் திருப்பிக்கொண்டு, பால்காரருக்குப் பின்னால், பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.